ஆட்டோவில் கீபோர்டு, ஏர்போர்ட்டில் துப்பாக்கி

மதுரை வில்லாபுரத்தில் எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோக்காரர்கள் எல்லாருக்கும் என் மகள் கீபோர்டு வாசிக்கிற பெண். நாலடி நீளத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை சனி, ஞாயிறு காலையில் அப்பாவும் மகளும் தூக்கிக்கொண்டு போனால் வேறு என்னதான் நினைப்பார்கள்? முதல் தடவை ஒருவர், "என்னண்ணே, பாப்பாவுக்கு கீபோர்டு கிளாஸா?" என்று கேட்டபோது மறுக்க வாய் வரவில்லை. ஆமாம் என்றேன். அப்படியே நிலைத்துவிட்டது. ஒரு ஆடி மாதம் கோயில் கமிட்டியிலிருந்து வந்து, கூழ் ஊற்றும் அன்றைக்குப் பாப்பா இரண்டு பாட்டு வாசிக்குமா என்று கேட்டார்கள். பரீட்சை என்று சொல்லித் தப்பித்தோம்.

பெட்டிக்குள் இருப்பது 10 மீட்டர் ஏர் ரைஃபிள், அதாவது பத்து மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கைச் சுடும் போட்டிக்கான, காற்றழுத்தத்தில் குண்டை விடுகிற துப்பாக்கி. பள்ளியில் என்.சி.சி. முகாமுக்குப் போனவள் பாயின்ட் 22 ரைஃபிளில் ஐந்து குண்டு சுட்டாள். ஐந்தும் ஒரு காசு வைத்தால் மறைகிற இடத்துக்குள் விழுந்தது என்று அங்கிருந்த ஹவில்தார் சொல்லி அனுப்ப, வினை அங்கே ஆரம்பித்தது. நான் வைத்திருப்பது பெயின்ட், ஹார்டுவேர் கடை. துப்பாக்கியோடு எங்கள் குடும்பத்துக்கு இருந்த ஒரே உறவு தீபாவளிக்குச் சுருள் கேப் வாங்குவதுதான். இன்றைக்கு வீட்டு பீரோவில் செகண்ட் ஹேண்ட் ஜெர்மன் ரைஃபிள் இருக்கிறது. விலையை என் மாமனாரிடம் பாதியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

வெளியூர்ப் போட்டிகளுக்கு முதலில் ரயிலில்தான் போனோம். சம்பர்க் கிராந்தியில் ஏறி இரண்டு இரவு கழிந்தால் டெல்லி நிஜாமுதீன். பெட்டியைக் கீழ் பெர்த்துக்கு அடியில் தள்ளி, சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, நான் அதற்கு மேலே படுத்தபடி கண்ணைத் திறந்துகொண்டே போவேன். மகள் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் போக வர நாலைந்து நாள் பள்ளியைத் தொலைக்க முடியவில்லை. சரி, விமானம் என்று முடிவு பண்ணினோம். முதல் பயணத்தில் நான் செய்யாத தப்பு இல்லை. துப்பாக்கி சுடும் கிளப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் இப்போது என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் சட்டம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் பாயின்ட் 177, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமலும், குண்டு குழலை விட்டு வெளியே வரும்போது அதன் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாமலும் இருந்தால் அந்த ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ரைஃபிள்கள் சுமார் 7.5 ஜூல்தான் வரும். ஆகவே எங்களுடையது லைசென்ஸ் கேட்கிற துப்பாக்கியே இல்லை. இதை நெட்டுருப் போட்டுக்கொண்டுதான் மெத்தனமாகக் கிளம்பினேன். ஆனால் ஸ்கேன் மெஷினுக்கு ஜூல் தெரியாது. குழல் தெரியும், ட்ரிகர் தெரியும். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது போதும். ஏர் ரைஃபிளோ நிஜத் துப்பாக்கியோ, விமானக் கணக்கில் இரண்டும் ஒரே சாதி. கைப்பையில் கூடாது. முன்கூட்டியே சொல்லி, காட்டி, சரக்கு அறைக்குப் போகும் லக்கேஜில் மட்டும்தான் போகலாம்.

அன்றைக்கு மதியம் மதுரையிலிருந்து சென்னை, அங்கிருந்து டெல்லி. ஒன்றரை மணி நேரம் முன்னால் போனால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பெருங்குடி வழியாகப் போய் இறங்கி, வாசலில் டிக்கெட்டையும் ஆதாரையும் காட்டும்போது விமான நிலையப் பாதுகாப்பைப் பார்க்கும் சிஐஎஸ்எஃப் ஜவான் பெட்டியைப் பார்த்து என்ன என்று கேட்டார். ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பழகிய வாய். நல்ல வேளை, கீபோர்டு என்று சொல்லவில்லை. "ஸ்போர்ட்ஸ் சாமான்" என்றேன். உள்ளே விட்டார். கவுன்ட்டரில் இருந்த பெண்ணும் கேட்டது. அங்கேயும் ஸ்போர்ட்ஸ் சாமான். பெட்டி பெல்ட்டில் போனது. நாங்கள் காபி குடிக்கப் போனோம்.

பாதி காபியில் என் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள்.

பெட்டி ஒரு மேஜை மேல் தனியாகக் கிடந்தது. சுற்றி நாலு பேர். நடுவில் இருந்த எஸ்ஐ தமிழர், தென்காசிப் பக்கத்துப் பேச்சு. கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. "ஏன் சார், கேட்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். "ஸ்போர்ட்ஸ் சாமான்னு சொன்னேனே சார்" என்றேன். "கிரிக்கெட் மட்டையும் ஸ்போர்ட்ஸ் சாமான்தான் சார்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு விளங்கிவிட்டது. தெருவில் கீபோர்டு என்று சொல்வதில் தப்பே இல்லை. லட்சக்கணக்கில் விலை வைத்த சாமானை, அதுவும் துப்பாக்கி வடிவத்தில், ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டு போகத் தேவையில்லை. வீட்டில் இது இருக்கிறது என்று பத்துப் பேருக்குத் தெரிவதும் நல்லதல்ல. ஆனால் விமான நிலைய வாசலில் காலை வைத்த நிமிஷமே பேச்சு தலைகீழாக மாறிவிட வேண்டும். யாரும் கேட்பதற்கு முன்னால், எந்தச் சுற்றி வளைப்பும் இல்லாமல், "சார், இதில் போட்டிக்கான ஏர் ரைஃபிள் இருக்கிறது, லோட் பண்ணவில்லை, செக்-இன் லக்கேஜில் போடணும்" என்று சொல்லிவிட வேண்டும். நாமாகச் சொன்னால் அது அவர்களுக்கு ஒரு படிவ வேலை. அவர்களாகக் கண்டுபிடித்தால் விசாரணை. பொருள் என்னமோ ஒன்றுதான்.

அப்புறம் சிலிண்டர். ஏர் ரைஃபிளின் குழலுக்குக் கீழே நீளமான டார்ச் லைட் மாதிரி ஒன்று இருக்கும். அதில்தான் காற்றை 200 பார் வரைக்கும் அடைத்து வைக்கிறோம். கார் டயரில் அடிப்பது இரண்டு, இரண்டரை பார், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முனையில் சின்னதாக ஒரு முள் மீட்டர். எங்கள் முள் 150-இல் நின்றது. டெல்லியில் போய் நிரப்ப வசதி எப்படியோ, இருப்பது இருக்கட்டும் என்று நான்தான் மகளிடம் சொல்லியிருந்தேன். அழுத்தக் காற்றோடு சிலிண்டர் விமானத்தில் ஏறாது என்று விமான நிறுவனத்தின் அதிகாரி சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான்.

காற்றை இறக்க ஒரு சின்னத் திருகு ரைஃபிளோடு கூடவே வரும். அதைச் சிலிண்டர் வாயில் மாட்டித் திருகினால் காற்று வெளியேறும். அதை உள்ளே வைத்துச் செய்ய எஸ்ஐ சம்மதிக்கவில்லை. இரண்டு ஜவான்கள் கூட வர, சிலிண்டரைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே கார் நிறுத்துகிற பக்கம் போனோம். துபாய் கிளம்பும் மாப்பிள்ளையை வழியனுப்ப வந்த ஒரு பெரிய கூட்டம் அங்கே நின்றது. மகள் தரையில் குத்த வைத்து உட்கார்ந்து திருகைத் திருப்பினாள். லாரி ஏர் பிரேக் விடுமே, அந்தச் சத்தம். லாரி ஒரு வினாடியில் நிறுத்திவிடும், இது நிற்கவே இல்லை. கூட்டத்தில் ஒரு பாட்டி "ஆத்தி" என்று பேரனை இழுத்துக்கொண்டு பின்னால் போனார். மே மாத வெயில், தரை கொதிக்கிறது. சிலிண்டர் மட்டும் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் மாதிரி வேர்த்துச் சொட்டியது. முள் 100, 60, 20 என்று இறங்கி சுழியத்தைத் தொட்டதும் கூட வந்த ஜவான் குனிந்து பார்த்துவிட்டு, எத்தனை மீட்டர் என்று இந்தியில் கேட்டார். "தஸ்" என்றாள் மகள். அவர் கையை நீட்டிக் குலுக்கிவிட்டுப் போனார்.

இப்போதெல்லாம் கிளம்பும் முந்தின நாள் இரவே மொட்டை மாடியில் வைத்து இறக்கிவிடுகிறோம். சிலிண்டரைக் கழற்றி, மீட்டர் மேலே பார்த்தபடி இருக்குமாறு பெட்டியில் வைக்கிறோம். திறந்தவுடன் முதலில் கண்ணில் படுவது சுழியத்தில் நிற்கும் முள்ளாக இருக்க வேண்டும். சிலிண்டர் மேல் தயாரித்த தேதி பொறித்திருக்கும், பத்து வருஷம்தான் ஆயுள். விமான நிலையத்தில் இதைப் பார்க்காமல் விடலாம். போட்டியில் கருவிகளைச் சோதிக்கும் இடத்தில் விட மாட்டார்கள். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். குழலைப் பார்ப்பது அப்புறம்.

போகிற இடத்தில் நிரப்புவது பற்றி நான் கவலைப்பட்டது வீண். பெரிய ரேஞ்ச்களில், அதாவது சுடுதளங்களில், கம்ப்ரசரோ பெரிய சிலிண்டரோ இருக்கும். ஆனால் உங்கள் ரைஃபிள் கம்பெனிக்கான அடாப்டர் அங்கே இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி மரை மாறலாம். ஒன்றின் அடாப்டர் இன்னொன்றில் ஏறாமல் போகும். உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைத் துண்டு அது. மறந்துவிட்டால் டெல்லி ரேஞ்சில் தெரியாத முகங்களிடம் கடன் கேட்டுக்கொண்டு அலைய வேண்டியதுதான். கடைக்காரன் நான், ஒரே சாமானில் இரண்டு வாங்கி ஒன்றைப் பையிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

மறுபடி அந்த மேஜைக்கு வருகிறேன். காற்று இறங்கிய பிறகு எஸ்ஐ காகிதம் கேட்டார். ரைஃபிள் வாங்கிய ரசீது என் போனில் எங்கேயோ ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தது. போனில் சார்ஜ் 6 சதவீதம். போட்டிக்கான அழைப்பு மகளின் பயிற்சியாளருடைய மின்னஞ்சலில். சங்கத்தின் அடையாள அட்டை மட்டும் கையில் இருந்தது, அதுதான் காப்பாற்றியது. பயிற்சியாளரிடம் போனில் பேசி, அவர் மாநில சங்கத்தின் கடிதத்தை அனுப்பி, கவுன்ட்டரில் இருந்தவர்களே அதை அச்செடுத்துக் கொடுத்தார்கள். கதவை மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஏறினோம்.

அன்றைக்குப் போட்ட ஃபைல் இன்றும் பெட்டியின் கூடவே பயணிக்கிறது. இந்திய தேசிய ரைஃபிள் சங்கத்தின் அட்டை நகல், அந்தப் போட்டியில் மகள் பெயர் இருக்கும் பட்டியல் அல்லது அழைப்புக் கடிதம், மாநில சங்கக் கடிதம், ரைஃபிள் ரசீது, ரைஃபிள் எண்ணை க்ளோஸ்-அப்பில் எடுத்த போட்டோ, தயாரிப்பாளரின் கையேட்டில் 7.5 ஜூல் என்று இருக்கும் பக்கம், ஆயுத விதிகளில் ஏர் கன் பற்றி வரும் பக்கம். எல்லாவற்றிலும் மூன்று நகல். ஒன்றை விமான நிறுவனம் வைத்துக்கொள்ளும், ஒன்று திரும்பி வரும்போது வேண்டும், மூன்றாவது நான் தொலைப்பதற்கு. ரசீதில் இருக்கும் எண்ணும் ரைஃபிளில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்று வீட்டிலேயே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையதில் ரசீது எழுதியவர் ஒரு இலக்கத்தை மாற்றிப் போட்டிருந்தார். திருத்தி வாங்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

இதையெல்லாம் விட வேலை செய்தது ஒரு ஆரஞ்சுக் கயிறு. துப்பாக்கி சுடுதலில் ஒரு கட்டாய விதி உண்டு. சுடாத நேரத்தில் ஏர் ரைஃபிளின் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கயிற்றை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விட்டு வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் கயிறு நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே குண்டு இல்லை, இருக்கவும் முடியாது. மகள் அதைப் பழக்கத்தில் போட்டு வைத்திருந்தாள். லோட் ஆகவில்லை என்று எப்படி நம்புவது என்று எஸ்ஐ கேட்டபோது நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் பேசாமல் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். மறு முனை உள்ளே போய், இந்தப் பக்கம் முழுசாக வெளியே வந்தது. திரும்பவும் விட்டுக் காட்டினாள். அதற்கப்புறம் அவர்கள் அந்தக் கேள்வியை எழுப்பவே இல்லை. துப்பாக்கியை அவர்கள் முன்னால் கையில் எடுக்க வேண்டி வந்தால் கேட்டுவிட்டு எடுங்கள், குழல் சுவரைப் பார்க்கட்டும், விரல் ட்ரிகர் பக்கமே போக வேண்டாம். ரேஞ்சில் படித்துக்கொடுக்கிற அதே ஒழுங்குதான். நம் பிள்ளைகள் அதை நம்மை விட நன்றாகச் செய்வார்கள். அப்பாக்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது உத்தமம்.

டெல்லியில் இறங்கியதும் அடுத்த கூத்து. பெல்ட்டில் எல்லார் பெட்டியும் வந்தது, எங்கள் துணிப்பையும் வந்தது, கறுப்புப் பெட்டி வரவில்லை. பெல்ட் சுற்றி, காலியாகி, நின்றும் போனது. மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் ஓட்டை இந்தியில் ஒவ்வொரு கவுன்ட்டராகக் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, இருபது அடி தள்ளி ஒரு தூணுக்குப் பக்கத்தில் விமான நிறுவன ஊழியர் ஒருவர் எங்கள் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, எங்களைத் தேடி அவர் அலுத்துப் போய் நின்றிருந்தார். துப்பாக்கி என்று டேக் போட்ட பெட்டி பல இடங்களில் பெல்ட்டில் வராது, கையில்தான் கொடுப்பார்கள். டேக்கின் அடிக்கட்டையையும் அடையாள அட்டையையும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். புறப்படும் கவுன்ட்டரிலேயே, "அங்கே எந்த இடத்தில் வாங்கிக்கணும்?" என்று கேட்டுக்கொண்டால் இந்தப் படபடப்பு மிச்சம். இன்னொன்று, சென்னையில் மாறுகிற விமானத்தையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். காசு குறைகிறதே என்று இரண்டு தனி டிக்கெட் போட்டால் சென்னையில் பெட்டியை வெளியே எடுத்து, மறுபடி வாசலிலிருந்து இந்தப் புராணம் முழுவதையும் படிக்க வேண்டும்.

போட்டி நடந்த டாக்டர் கர்ணி சிங் ரேஞ்ச் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டியது. துக்ளகாபாத்தில் இருக்கிறது. முதல் நாள் பயிற்சியில் மகளின் குண்டுகள் எல்லாம் இலக்கின் கீழ் இடது மூலையில் போய் விழுந்தன. சரக்கு அறையில் பெட்டி பட்ட அடியில் பின் சைட் நகர்ந்திருக்கிறது. டயாப்டர் என்பார்கள், கடுகளவு துளை வழியாகப் பார்க்கும் கருவி. 10 மீட்டர் ரைஃபிளில் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர், பேனா முனை அளவு. சைட் முடியளவு அசைந்தாலும் போச்சு. அதைச் சரி பண்ணவே பாதி நாள் போனது.

அந்த எரிச்சலில் திரும்பும்போது நான் இன்னொரு புத்திசாலித்தனம் செய்தேன். டயாப்டரைத் தனியாகக் கழற்றி, துணியில் சுற்றி, என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அதில் சுடுகிற சமாசாரம் ஒன்றும் இல்லை, கண்ணாடி மாதிரி ஒரு சாமான்தானே என்று எண்ணம். பாதுகாப்புச் சோதனையில் பையை ஓரமாக ஒதுக்கினார்கள். இது என்ன? சைட். எதனுடைய சைட்? பதில் சொன்னதும் அவர் முகம் மாறியது. துப்பாக்கியின் பாகமும் துப்பாக்கிக் கணக்குதான், கேபினுக்குள் போகாது. திரும்ப வெளியே வந்து, கவுன்ட்டரில் நின்று, அதை மட்டும் ஒரு சின்னப் பெட்டியில் போட்டு லக்கேஜாக அனுப்பினோம். நேரம் இருந்தது, பிழைத்தோம். இப்போது டயாப்டருக்கென்று ஒரு பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ், உள்ளே பஞ்சு, அது ரைஃபிள் பெட்டிக்குள்ளேயே. ஒரு அடியும் படுவதில்லை.

ரவைக்கும் இதே விதி. தட்டை மூக்கு ஈய ரவை, டப்பாவுக்கு 500. அதில் வெடிமருந்து எதுவும் கிடையாது. ஆனாலும் கைப்பையில் ஒரு டப்பா இருந்தால் நிறுத்துவார்கள். போகிற ஊரில் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒத்துப்போகிற ரவையைச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வாங்குகிறார்கள், அதை விட்டு வேறு ரவையில் போட்டி சுட மாட்டார்கள். ஆகவே டப்பாவை டேப் போட்டு ஒட்டிப் பெரிய லக்கேஜில் வையுங்கள். ஒரு தடவை மூடி திறந்து, ஐநூறும் மகளின் ஷூட்டிங் ஜாக்கெட் பாக்கெட், ஷூ, கையுறை என்று சிதறி, ஒரு மாதம் வரை வீட்டுக் கூட்டலில் ஈயம் வந்துகொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவர், ஆலன் சாவி எல்லாமும் அங்கேதான்.

நிஜத் துப்பாக்கி சுடுகிறவர்கள் கதை இதை விடக் கடினம். மகளின் பயிற்சியாளர் பாயின்ட் 22 சுடுபவர். அவருக்கு லைசென்ஸ் புத்தகம் அசல் வேண்டும், நகல் செல்லாது. அதில் ஆயுத லைசென்ஸ்களுக்கான தேசியத் தகவல் தளத்தின் தனி அடையாள எண் இருக்க வேண்டும். இந்தியா முழுவதும் செல்லும் என்று பதிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்று இருந்தால் டெல்லியில் இறங்கிய நிமிஷம் அது சட்ட விரோதத் துப்பாக்கி. தோட்டா துப்பாக்கிக்குள்ளோ மேகசினுக்குள்ளோ ஒன்றுகூட இருக்கக் கூடாது, தனியாக உறுதியான டப்பாவில் அடுக்கியிருக்க வேண்டும். சர்வதேச விதியில் ஒருவருக்கு மொத்தம் 5 கிலோ எடை வரைதான், அதுவும் சொந்த உபயோகத்துக்கு. இரண்டு பேர் பங்கைச் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டவும் கூடாது. அவர் வழக்கமாகப் போகும் விமான நிறுவனம் 50 தோட்டாவுக்கு மேல் ஏற்றுவதில்லை. உங்கள் நிறுவனத்திடம் டிக்கெட் போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். துப்பாக்கியைக் கையாளத் தனிக் கட்டணமும் கேட்பார்கள்.

அவர் எல்லாரையும் பயமுறுத்தும் விஷயம் ஒன்று உண்டு, நியாயமான பயம். ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையையே ஊருக்கும் எடுத்துப் போவது. பக்கவாட்டு ஜிப்பில், ஜாக்கெட் பாக்கெட்டின் கிழிந்த லைனிங்கில், எங்கேயோ ஒரு தோட்டா தங்கிவிடும். ஸ்கேனில் அது அப்பட்டமாகத் தெரியும். கைப்பையில் உயிருள்ள தோட்டா அகப்பட்டால் சிஐஎஸ்எஃப் உங்களை உள்ளூர் போலீஸிடம் ஒப்படைக்கும், ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் விளக்கியிருக்கிறது. மறதியாகத் தோட்டா கிடந்ததாக வந்த வழக்குகள் பலவற்றை உயர் நீதிமன்றங்கள் ரத்தும் செய்திருக்கின்றன. ஆனால் ரத்து வாங்குவதற்குள் வக்கீல் ஃபீஸ், அலைச்சல், பாஸ்போர்ட் சிக்கல் எல்லாம் வந்து போய்விடும். மகள் இன்னும் தோட்டாவுக்குப் போகவில்லை. போனாலும் ரேஞ்ச் பை வேறு, பயணப் பை வேறு என்று இப்போதே பிரித்துவிட்டோம். கிளம்பும் முன் ஜாக்கெட்டின் ஒவ்வொரு பாக்கெட்டையும் உட்புறம் வெளியே இழுத்து உதறுவது என் மனைவியின் இலாகா. துணி துவைக்கும்போது என் சட்டைப் பையில் ரூபாய் தேடிய அனுபவம் அவளுக்கு நிறைய.

வாய். இதை மதுரைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். "பையில என்னங்க?" என்று கேட்டால் "ம்ம், வெடிகுண்டு" என்று சொல்கிற ஊர் இது. அண்ணன் தம்பி பேச்சில் அது ஒன்றுமில்லை. விமான நிலையத்தில் அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்தால், விளையாட்டுக்கு என்று சொல்வதைக் கேட்க அங்கே யாருக்கும் அனுமதி இல்லை, இறக்கிவிடுவார்கள். வழியனுப்ப வரும் மச்சான்களுக்கும் இதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள். சித்திரைத் திருவிழாவில் வாங்கிய பொம்மைத் துப்பாக்கியைக் குழந்தை கைப்பையில் வைத்திருக்கும். அதையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள், குழந்தை அழுவது பிள்ளையைப் பெற்ற ஜவானுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஜனவரி 26, ஆகஸ்ட் 15 சமயத்தில் போக வேண்டியிருந்தால் மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். அந்த வாரங்களில் விமானத்தில் ஏறும் இடத்திலும் இன்னொரு முறை பையைத் திறந்து பார்ப்பார்கள், எல்லாம் மெதுவாக நகரும். சாதாரண நாளில் எங்களுக்கு இரண்டரை மணி நேரம். பெட்டிப் பூட்டைச் சோதனை முடிந்த பிறகுதான் பூட்டுங்கள், சாவி உங்கள் கையில் இருக்கட்டும். உள்நாட்டில் பொதுவாக 15 கிலோ லக்கேஜ் என்றால், ரைஃபிளும் பெட்டியும் மட்டுமே பத்தைத் தாண்டும். ஷூட்டிங் ஜாக்கெட், பேன்ட், ஷூ இன்னொரு ஏழெட்டுக் கிலோ. கூடுதல் எடையை ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கினால் மலிவு. ஜாக்கெட்டை மட்டும் நான் கையில் எடுத்துக்கொள்கிறேன். அது தகரம் மாதிரி விறைப்பானது, மடங்காது. சோதனையில் எல்லாரும் தட்டிப் பார்ப்பார்கள், ஆனால் விட்டுவிடுவார்கள்.

போன தடவை மதுரை வாசலில் நான் ஃபைலைத் திறப்பதற்குள் மகளே முன்னால் போய்விட்டாள். "சார், ஏர் ரைஃபிள். சிலிண்டர் காலி. சேஃப்டி கயிறு போட்டிருக்கு. எங்கே காட்டணும்?" என்று மூன்று வாக்கியம். ஜவான் கையை நீட்டி வழி காட்டினார். பதினெட்டு நிமிஷத்தில் கவுன்ட்டர் வேலை முடிந்தது, நான் நேரம் பார்த்தேன். இந்தத் தடவை காபியை முழுசாகக் குடித்தேன்.

அடுத்த மாதம் போட்டி திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில். அது காரில்தான். களியக்காவிளை செக்போஸ்ட்டில் டிக்கியைத் திறக்கச் சொன்னால் என்ன சொல்வது என்று மகள் மலையாளத்தில் எழுதி வாங்கி மனப்பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறாள். ஆட்டோ ஸ்டாண்டில், கச்சேரி கேரளாவிலா என்று கேட்டார்கள்.